நடுப்பகல் சட்டம்

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மாப்ள, உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு…" "எது மச்சான் ஒண்ணு? எங்க வண்டிக்குப் பசி கம்மி, அதுக்குத்தான நிக்க வைக்கிறீங்க? உங்க வண்டி…" "நான் பேசி முடிக்கல…" "உங்க வண்டி பறக்குதே, அதுக்கு வால்ல கல்லைக் கட்டுங்கன்னு நாங்க கேட்டமா? வேகத்துக்குச் சட்டம் கெடையாது, பசிக்கு மட்டும் சட்டமா?" "பேசி முடிக்கலய்யா நானு!" அண்ணன் பேசி முடிக்கப்போவதில்லை, புருஷன் பக்கிரி பேச விடப்போவதில்லை, இது தனக்கொடிக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும், மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை… ஒரு கையில் தலைக்கவசமும் மறு கையில் மோர்ச் செம்புமாக இருவருக்கும் நடுவில் நின்று, இந்தக் குரலையும் அந்தக் குரலையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லாசுப்பேட்டை விமானத் திடலில் விமானம் இறங்கி அவள் பார்த்ததில்லை, ஆடு மேய்ந்துதான் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அங்கே தகர டிரம்களை நிறுத்தி வளைவு வளைவாகப் பாதை போட்டிருந்தார்கள், காலையிலிருந்து கார்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன, சாயங்காலம் வெள்ளைக் கொடி விழுகிறவரை சுற்ற வேண்டும், யார் அதிகம் சுற்றினார்களோ அவர்களுக்குக் கோப்பை. இப்போது எல்லாம் நின்றிருந்தது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் எல்லா வண்டியும் நிற்க வேண்டும், பெட்ரோல் ஊற்றிக்கொள்ளலாம், மற்றபடி இரண்டு மணி வரை யாரும் தொடக்கூடாது, இதுதான் இந்த வருஷத்துப் புதுச் சட்டம். பெட்ரோல் கார்கள் ஒரு கை விரல்களுக்கு மேல், டீசல் கார் ஒன்றே ஒன்று, பக்கிரியின் கறுப்பு அம்பாசிடர், டாக்சி. காலை முழுக்க பக்கிரிதான் ஓட்டினான், மத்தியானத்துக்கு மேல் தனக்கொடி, ஒரு வண்டிக்கு இரண்டு பேர் ஓட்ட வேண்டும் என்பது பழைய சட்டம். முதலில் நிற்பது அண்ணன் ஜானகிராமனின் கிளிப்பச்சைக் கார், டீசல் வண்டியைவிடப் பல சுற்று முன்னால், முன்னால் இருக்கிறவருக்கு ஏன் இவ்வளவு கோபம்? போன வருஷம் தோற்றது இன்னும் தொண்டையில் நிற்கிறதா அவருக்கு?

தேவதாஸ் முசே வந்தார், கார் சங்கத்துத் தலைவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, எழுபதைத் தாண்டியும் நிமிர்ந்த முதுகு, வெள்ளைக் கால்சட்டை, கையில் சணல் கயிறும் மெழுகுவத்தியும் அரக்கும். ஒவ்வொரு வண்டியின் பானட்டையும் கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கைச் சொட்டவிட்டு, விரல் மோதிரத்தால் அழுத்தி முத்திரை வைத்தார். இதுவும் அண்ணன் கேட்டு வாங்கிய சட்டம். டாக்சிக்காரர்கள் ஓய்வு நேரத்தில் பானட்டுக்குள் கையை விட்டு ஏதாவது செய்துவிடுவார்களாம்… பச்சைக் காருக்கு முத்திரை விழப்போன அந்த நேரத்தில்தான் தனக்கொடி வாயைத் திறந்தாள், நன்றாகத் திறந்தாள், பந்தல்வரை கேட்டது. "ஏண்ணா! கத்திரி வெயிலு. பானட்டைத் தெறந்து போடச் சொல்லுண்ணா. இல்லன்னா பெட்ரோலு உள்ளயே கொதிச்சிப் பூடும், அப்பறம் உன் பச்சைக்கிளிய வூடு வரைக்கும் தள்ளிக்கினுதான் போவணும்!" டாக்சிக்காரர்கள் விசில் அடித்தார்கள், யாரோ கிளியைப்போல் கீச்சிட்டார்கள். அண்ணனின் காது சிவந்தது. "பாத்தீங்களா முசே? இவ ஏன் தெறக்கச் சொல்றா? என் பானட்டு தெறந்தா இவங்க பானட்டும் தெறக்கணும்ல? அதுக்குத்தான்! நீங்க நல்லா இறுக்கிக் கட்டுங்க. என் வண்டிக்கு மட்டும் ரெண்டு முத்திரையா வைங்க!" முசே இரண்டு முத்திரை வைத்தார். சரி, சொல்லிவிட்டாள், சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது, கேட்காதது அவர் பாடு… மோரை ஒரே மூச்சில் குடித்தாள்.

வண்டிகளுக்கு வெயில், மனிதர்களுக்குப் பந்தல். பந்தலுக்குள் வந்து உட்கார்ந்ததும் அண்ணி வசந்தா இலையைப் போட்டு, "சண்டையெல்லாம் வாசலோட, சாப்பாடு நம்ம வூட்டுது" என்று புளிசாதத்தை வைத்தாள், பக்கிரிக்கும் வைத்தாள், பக்கிரி மச்சானைத் திட்டிக்கொண்டே மச்சான் வீட்டுச் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். சாப்பிட்டவர்கள் அப்படியே சாய்ந்தார்கள். புதுச்சேரியில் பன்னிரண்டு அடித்தால் கடைக்காரன் கதவைச் சாத்துவான், ஆபீசுக்காரர் வீட்டுக்குப் போவார், கோயிலில் சாமியும் நடை சாத்திக்கொள்ளும், வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் அவன் விட்டுப்போன மத்தியானத் தூக்கம் மட்டும் போகவில்லை… தேவதாஸ் முசே நாற்காலியிலேயே, நிமிர்ந்த முதுகோடு, தூங்கிவிட்டார். சங்கத்தில் இருக்கிற ஒருவராவது இந்த ஊரில் மத்தியான வெயிலில் காரை எடுத்து ஓட்டியிருப்பாரா? காலையில் மார்க்கெட், சாயங்காலம் கடற்கரை, நடுவில் கார் கொட்டகையில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும், முதலாளி உள்ளே தூங்குவார். வெயிலுக்கும் அந்தக் கார்களுக்கும் அறிமுகமே கிடையாது. அதனால்தானே இப்படி ஒரு சட்டம் அவர்களுக்குத் தோன்றியது…

போன வருஷம் இந்தச் சட்டமெல்லாம் இல்லை. போன வருஷம் பொங்கலுக்குப் பிறகு, இதமான வெயில், அம்பாசிடர் புதுசு, டீசல் கார் என்று ஒன்று வந்திருக்கிறது என்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. திடலுக்குள் அது டொக்கு டொக்கென்று நுழைந்ததும், "யாருய்யா அது, கரும்புக்குத் தண்ணி எறைக்கிற மோட்டாரைக் கொண்டாந்தது?" என்று அண்ணன்தான் முதலில் கேட்டார், கூட்டம் சிரித்தது. மோட்டார் மெதுவாகத்தான் ஓடியது. பச்சைக் கார் ஒவ்வொரு முறை தாண்டும்போதும் ஆரனை அடித்துக்கொண்டு தாண்டியது. ஆனால் பச்சைக் கார் நின்றது, கேன் வந்தது, புனல் வந்தது, பெட்ரோல் ஊற்றினார்கள், கிளம்பியது, திரும்பவும் நின்றது, திரும்பவும் புனல், புனலை எங்கே வைத்தோம் என்று ஒரு சண்டை… மோட்டார், ஓட்டுகிற ஆள் மாறிய ஒரு தடவை தவிர, நிற்கவே இல்லை. காலையில் ஊற்றிய டீசல் சாயங்காலம் வரை வந்தது. கொடி விழுந்தபோது மோட்டார் முன்னால் இருந்தது, சிரித்த கூட்டம் கத்தியது, கத்திய கூட்டத்தில் அண்ணன் மட்டும் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அப்புறம் என்ன ஆயிற்று? கோப்பையைக் கொடுத்தார்களா? கொடுத்தார்கள், கையில் கொடுத்து, போட்டோ பிடித்து, பெயர் பொறிக்க வேண்டும் என்று திரும்ப வாங்கி, சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள், பெயர் மட்டும் பொறிக்கவில்லை. "ஆட்சேபம் இருக்கு." யாருடைய ஆட்சேபம்? ஜானகிராமனுடைய ஆட்சேபம். நிற்காத வண்டியோடு நிற்கிற வண்டி எப்படிப் போட்டி போடும், அது நியாயமா என்று. முசே மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்பு சொன்னார், அடுத்த வருஷம் இரண்டு வகை வண்டிக்கும் சமமான சட்டத்தோடு ஓடட்டும், அதில் ஜெயிப்பவர் பெயரை இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பொறித்துவிடலாம் என்று. அந்த அலமாரி சங்கத்துக் கட்டடத்தின் சன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரியும். சவாரிக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தனக்கொடி வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பாள். வெள்ளிக் கோப்பை, அடியில் தகடு, தகட்டில் வரிசையாகப் பெயர்கள், கடைசியில் ஒரு மொட்டை இடம். சவாரி ஏறினவர் கேட்பார், "ஏம்மா, வண்டி எதனா மக்கரா?" மக்கர் வண்டியில் இல்லை ஐயா…

சமமான சட்டம். அதைப் பேசத்தான் மாசிமாசம் சங்கத்தில் கூடினார்கள். பக்கிரியும் போனான், கூட அவளும் போனாள், பெண் என்று அங்கே அவள் ஒருத்தி. டீசல் வண்டிக்குத் தொட்டியைச் சின்னதாக்கலாம் என்றார் ஒருவர், அறுத்து ஒட்டுவது யார் என்று பக்கிரி எழுந்தான். டீசல் வண்டியைக் கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பிவிடலாம் என்றார் இன்னொருவர், அப்படியானால் பெட்ரோல் வண்டியில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றுங்கள், மச்சான் மண்டியில்தான் நிறைய இருக்கிறதே என்று பக்கிரி உட்கார்ந்தான். அப்போதுதான் அண்ணன், பெரிய மார்க்கெட்டில் மளிகை மண்டி வைத்திருக்கிற ஜானகிராமன், நடுப்பகல் ஓய்வைக் கொண்டுவந்தார். எல்லா வண்டியும் நிற்கட்டும், அந்த நேரத்தில் பெட்ரோல்காரர்கள் ஊற்றிக்கொள்ளட்டும், பானட்டை மட்டும் கட்டி முத்திரை வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் லாபமில்லை, நமக்கும் சாப்பிட்டுத் தூங்கின மாதிரி ஆயிற்று. அடடா என்றார்கள் எல்லோரும், முசே பிரெஞ்சில் என்னவோ சொல்லிக் கைதட்டினார். பள்ளிக்கூட விடுமுறையில் வைத்தால் கூட்டம் வரும் என்று போட்டியை மே மாதத்துக்குத் தள்ளினார்கள். பக்கிரி, "இது ஓரவஞ்சனை" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தான். தனக்கொடி கத்தவில்லை. மே மாதம், நடுப்பகல், திறந்த வெளி, கட்டிய பானட்டு… இந்த நான்கையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள், அவளுக்குக் கோரிமேடு ஞாபகம் வந்தது.

கோரிமேடு. பக்கிரிக்குக் கால் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்த அந்த வருஷம், அப்போது அவர்களிடம் இருந்தது பழைய பெட்ரோல் வண்டி. வண்டி நின்றால் வயிறும் நிற்கும், அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள், கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய்வந்தாள். விழுப்புரத்துப் பஸ் கண்டக்டர்கள் தலையை நீட்டி, "யக்கா, பிரேக்கு எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்பார்கள். "உன் பஸ்சு குறுக்க வந்தா தானா தெரிஞ்சிடும்டா தம்பி." அப்படி ஒரு மத்தியானம், வானூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஏற்றிவரப் போனாள், கொளஞ்சி என்று பேர், வண்டியை வெயிலில் நிறுத்தி அவளைக் கைத்தாங்கலாக ஏற்றுவதற்குள் நேரமாகிவிட்டது, திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கொர்… கொர்… அவ்வளவுதான். உள்ளே கொளஞ்சி பல்லைக் கடிக்கிறாள், கொளஞ்சியின் மாமியார் எல்லா மாரியாத்தாவையும் பேர் சொல்லி வரிசையாகக் கூப்பிடுகிறாள், வெளியே ஒரு காற்று இல்லை. வழியில் போன லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "பெட்ரோலு சூட்டுல ஆவியாயி பம்புல அடைச்சிக்கினு இருக்கும்மா, துணிய நனைச்சிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்துப் பம்பின்மேல் போட்டாள், சுர்ரென்று புகைந்தது, அது ஆறுகிறவரை… அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் முதுகு வேர்க்கும். வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டதும் கொளஞ்சிக்குப் பிள்ளை பிறந்தது. மறுவருஷம் டீசல் வண்டி வாங்கலாமா என்று பக்கிரி இழுத்தபோது அவள்தான் தாலிச்செயினைக் கழற்றி வைத்தாள். டீசல் கொதிக்காது, டீசலுக்கு வெயிலும் ஒன்றுதான் நிழலும் ஒன்றுதான்.

இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு முத்திரை கேட்பாரா? சின்ன வயசிலிருந்தே அவர் அப்படித்தான், பாண்டி ஆட்டத்தில் அவள் ஜெயித்தால் அந்தக் கட்டம் செல்லாது, இந்தக் காலில் நொண்டக்கூடாது என்று சட்டத்தை மாற்றுவார், அவள் புதுச் சட்டத்திலும் ஜெயிப்பாள், அவர் சில்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவார். ஒருநாள் குளத்தங்கரையில் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும், "ண்ணா, அந்தப் படி வழுக்கும், போவாத" என்று கத்தினாள், அவர் அந்தப் படியிலேயே போய் நின்றார், அந்தப் படியிலேயே விழுந்தார், முன்பல் உடைந்தது. அம்மா அவளைத்தான் அடித்தாள். "உங்கண்ணங்கிட்ட நாலு பேரு முன்னால எதையும் சொல்லாத, சொன்னா அதுக்கு எதிராத்தான் செய்வான். காதுல சொல்லு, கேப்பான்." அது உண்மைதான், காதில் சொன்னால் கேட்பார். சைக்கிளை விற்காதே என்று காதில் சொன்னாள், விற்கவில்லை. வசந்தாவைப் பார்த்துவிட்டு வந்து, பொண்ணு நல்லா இருக்குதுண்ணா என்று காதில் சொன்னாள், கட்டிக்கொண்டார். இப்போது எதற்கு இந்த நினைப்பெல்லாம்…

பந்தலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. பச்சைக் காரின் மூக்கில் என்னவோ சிவப்பாக வழிந்தது, முதலில் ரத்தமோ என்று திடுக்கிட்டாள், பிறகுதான் புரிந்தது, அரக்கு. இரண்டு முத்திரையும் இளகி வழிந்துகொண்டிருந்தது. அரக்கே இந்தப் பாடு படுகிறதென்றால் உள்ளே இருக்கிற பெட்ரோல்… அண்ணன் பெஞ்சில் மல்லாந்து, முகத்தில் கைக்குட்டை போட்டுக்கொண்டு தூங்கினார், மூச்சுக்கு மூச்சு கைக்குட்டை எழுந்து எழுந்து விழுந்தது. போய்ச் சொல்லிவிடலாமா? இப்போது நாலு பேர் இல்லை, எல்லோரும் தூங்குகிறார்கள், குனிந்து காதில் ஒரு வார்த்தை, முசேவை எழுப்பி எல்லா வண்டிக்கும் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்று… எழுந்தாள். நாலைந்து எட்டு நடந்தாள். அண்ணி வசந்தா கண்ணைத் திறந்து, "எழுப்பாத தனம், ராவெல்லாம் தூங்கல மனுசன், ரேசு ரேசுன்னு பொலம்பிக்கினே இருந்தாரு. எழுப்புனா கத்துவாரு" என்றாள். பார்த்தாயா, அண்ணியே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதுதான் அப்போதே சொல்லியாயிற்றே, பந்தலுக்கே கேட்கும்படி சொல்லியாயிற்றே.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. முசே கண் விழித்து, தான் தூங்கவே இல்லை என்பதுபோல் மீசையை முறுக்கிக்கொண்டு கொடியோடு போய் நின்றார். கொடி அசைந்து, சக்கரம் உருண்ட பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம், அல்லது கிளம்பாத வண்டிக்கு முசேவிடம் கேட்டு அவிழ்க்கலாம், சட்டம். பக்கிரி கதவைத் திறந்துவிட்டு, "ஏறு தனம். அவங்க ஏழெட்டுச் சுத்து முன்னால இருக்காங்க, பயப்படாத, நிக்காம ஓட்டு, அது போதும்" என்றான். இருக்கை பொசுக்கியது, ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை, முந்தானையால் பிடித்தாள். கொடி அசைந்தது. சாவி. டொக்கு டொக்கு டொக்கு… அம்மா, என் மோட்டாரே, கரும்புக்குத் தண்ணி இறைக்கிற என் ராசாவே! அவள் கிளம்பினாள். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இல்லை, இருந்தது, கொர்… கொர்… கொர்… வரிசை முழுக்க அந்த ஒரே சத்தம், கோழிகள் அடைக்குப் படுத்ததுபோல. முதல் வளைவில் திரும்பிக் கண்ணாடியில் பார்த்தாள், வெள்ளைக் கார் நிற்கிறது, நீலக் கார் நிற்கிறது, பச்சைக் கார் நிற்கிறது, மொத்தத் திடலில் அவள் ஒருத்தி. இத்தனை பெரிய ஓடுபாதையில் அவள் ஒருத்தி! சிரிப்பு வந்தது, அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை, தலைக்கவசத்துக்குள் தானே எதிரொலிக்கிற மாதிரி உரக்கச் சிரித்தாள்.

அடுத்த சுற்று வரும்போது வெள்ளைக் காரை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த சுற்றில் முசேவைச் சுற்றி ஒரு கூட்டம், எல்லோர் கையும் மேலே. டாக்சிக்காரர்கள் டிரம்மைக் கட்டையால் அடித்துத் தாளம் போட்டார்கள், பக்கிரி துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஓடுபாதை ஓரமாகவே அவளோடு ஓடி வந்து, மூச்சு வாங்கி நின்றான். ஆடு மேய்க்க வந்த பெண்கள் ஆட்டை விட்டுவிட்டு, "ஒரு பொம்பள ஓட்டுதுடி!" என்று வரப்பில் ஏறினார்கள். ஓட்டுதுடி, ஓட்டுதுடி, கண்டக்டர் தம்பிகளா, பிரேக்கு எந்தப் பக்கம் என்று இப்போது கேளுங்களேன், இன்றைக்கு எனக்குப் பிரேக்கே வேண்டாம்… ஒவ்வொரு வளைவும் கைக்குத் தானாக வந்தது, கோரிமேட்டு மேட்டில் பஸ்களுக்கு நடுவே புகுந்து புகுந்து பழகிய கை. பாதிச் சுற்றில் ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, இது நியாயமா? அவர்கள் போட்ட சட்டம்தானே, நானா போட்டேன்? என் வண்டிக்குப் பசி கம்மி என்பதைத் தட்டிப்பறிக்கப் போட்ட சட்டம், அவர்கள் வண்டியின் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது, பசிக்குச் சமம் பார்த்தவர்கள் சூட்டுக்குச் சமம் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சமமாக ஒரு சட்டம் இருக்குமா என்ன? மார்கழிக்கு ஒரு சட்டம் சித்திரைக்கு ஒரு சட்டமா? போகட்டும், இப்போது ஓட்டு.

பிறகு ஒரு சுற்றில் அண்ணனைப் பார்த்தாள். கயிற்றை அறுத்துப் பானட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி வாளியில் நனைத்து, பிழியாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பம்பின்மேல் போட்டுக்கொண்டிருந்தார், பனியனோடு. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவருக்கு? பக்கிரியா? ஆமாம், பக்கிரிதான், பக்கத்தில் நின்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான், "இங்க மச்சான், இங்க போடுங்க, அது இல்ல, இது." சண்டைக்காரன்! சண்டை போட்டவன்தான் போய்ச் சொல்லிக்கொடுக்கிறான்… அதற்குள் வளைவு வந்துவிட்டது, தனக்கொடி கியரை மாற்றினாள்.

பச்சைக் கார் எழுந்தது. எழுந்து வந்த வரத்து! முந்திக்கொண்டிருந்த சுற்றுகளையெல்லாம் அது நின்ற இடத்திலேயே இழந்திருந்தது, அதற்கு மேலும் இழந்திருந்தது, இப்போது அண்ணனே ஓட்டினார், பனியனோடு, ஒவ்வொரு சுற்றிலும் அவளை நெருங்கினார், தாண்டினார், திரும்ப நெருங்கினார். ஆரன் அடிக்கவில்லை. போன வருஷம் தாண்டும்போதெல்லாம் அடித்த மனுஷன் இந்த வருஷம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, அது ஏன் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்தது, டிரம்களின் நிழல் பாதைமேல் நீண்டது. இனி ஒரே சுற்றுதான் வித்தியாசம் என்று பக்கிரி ஒரு விரலைக் காட்டினான். முசே கொடியைக் கக்கத்திலிருந்து எடுத்தார். கண்ணாடியில் பச்சை பெரிதாகிக்கொண்டே வந்தது, இந்தத் தடவை தாண்டினால் இரண்டு பேரும் ஒரே கணக்கு, அதற்கப்புறம் வேகம்தான், வேகத்தில் அவள் தோற்றுவிடுவாள். கடைசி வளைவு, உள்பக்கம் விடக்கூடாது, டிரம்மை உரசினாற்போல் திருப்பினாள், டிரம் ஒன்று உருண்டது, பச்சைக் கார் வெளியே சுற்றிக்கொண்டு வந்தது, மூக்கு அவள் கதவுக்கு நேராக, அவள் தோளுக்கு நேராக, அரக்கு வழிந்த சிவப்புக் கோடு கண்ணில் பட்டது, மோட்டாரே, ராசாவே, இன்னும் கொஞ்சம், டொக்கு டொக்கு டொக்கு… கொடி விழுந்தது. பச்சை தாண்டுவதற்குள் விழுந்தது!

அதற்கப்புறம் எதுவும் வரிசையாக ஞாபகமில்லை. கதவைத் திறந்தது யார், தூக்கியது யார், டாக்சிக்காரர்கள் வண்டியின் கூரைமேல் அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள், கூரை சுட்டது, சுடட்டும். ஆட்டுக்காரப் பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணி வசந்தா தன் தலைப்பூவை எடுத்து அவள் தலைக்கவசத்தில் சுற்றினாள், "எங்க வூட்டு மனுசன் தோத்தாலும் எங்க வூட்டுப் பொண்ணுதான ஜெயிச்சிது!" முசே கோப்பையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்க அறிவித்தார், பெயர் நாளைக்கே பொறிக்கப்படும், இரண்டு வருஷத்துக்கும், ஆட்சேபம் கிடையாது. "யாரு பேருங்க முசே, வண்டி பேரா, என் பேரா?" என்று பக்கிரி கேட்டான். "உன் பேரு எதுக்குடா? கூப், இந்தக் கோப்பை, அவளுது. பக்கிரின்னு கீழ சின்னதா போட்டுக்க." கூட்டம் சிரித்தது, பக்கிரிதான் அதிகம் சிரித்தான். கோப்பையை அவள் மடியில் வைத்தார்கள். தகட்டில் அந்த மொட்டை இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது, தனக்கொடி என்பதற்குப் போதுமான இடம் இருந்தது, இனிமேல் அந்தச் சன்னலோரம் வண்டியை மெதுவாக்க வேண்டாம், இல்லை, இனிமேல்தான் மெதுவாக்க வேண்டும், ஏறின சவாரிக்கெல்லாம் காட்ட வேண்டும்…

கூட்டம் பிரிந்து வழிவிட்டது. அண்ணன் வந்தார். ஈரச் சட்டையைத் தோளில் போட்டிருந்தார், பனியனெல்லாம் கரி. டாக்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ஒருவன் மறுபடியும் கிளியைப்போல் கீச்சிட்டான், அவர் திரும்பவில்லை. சண்டை போடப்போகிறாரா, இதற்கும் ஆட்சேபம் சொல்லப்போகிறாரா என்று பக்கிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குறுக்கே வந்தான், அவர் அவன் தோளைத் தட்டி ஒதுக்கிவிட்டு, வண்டியின் பக்கத்தில் வந்து நின்று, அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா ஓட்டன தனம்." அதைச் சொல்லும்போது அந்த உடைந்த முன்பல் தெரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது, இத்தனை வருஷத்தில் ஒரு பாண்டி ஆட்டத்துக்குக்கூட இப்படிச் சொன்னதில்லையே இவர்… கோப்பையை அவரிடம் நீட்டினாள், பார் அண்ணா என்று, அவர் வாங்கவில்லை, என்னவோ யோசித்துக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அண்ணி சுட்ட அடையைத் தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்திலேயே காரைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டது திடீரென்று அவளுக்குக் காதில் விழுந்தது, நாளைக்கு வெயிலு எப்படிம்மா இருக்கும்? அவள் சொன்னதும் விழுந்தது. நல்லா காயும்ணா. அவ்வளவுதான் சொன்னாள். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை, அண்ணி அடுப்படியில், தெருவில் ஓர் ஆள் இல்லை, அவர் காது ஒரு முழத் தூரத்தில் இருந்தது. இன்றைக்குப் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னவள்… நாலு பேர் முன்னால் சொன்னால் எதிராகத்தான் செய்வார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? எச்சரிக்கையா அது? இல்லை, வழுக்குகிற படியைக் கையைக் காட்டி… கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது, டிரம் அதிர்ந்தது, கூரைச் சூடு தொடையில் ஏறியது. அண்ணன் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நேத்து வூட்டுக்கு வந்திருந்தியே தனம்… அப்பவே காதுல சொல்லியிருக்கலாம்ல?"